நீர் புகாத செருப்பு

செருப்பைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சில வாசகர்கள் முகம் சுளிக்கலாம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செருப்பை நாம் வீட்டு வாசலோடு நிறுத்திவிடுகிறோம். கோயிலுக்குள் விடுவதில்லை. நல்ல பேச்சுக்குள்ளும் விடுவதில்லை. யாரையாவது ஆத்திரம் தீரத் திட்ட வேண்டிய சந்தர்ப்பத்தில் மட்டும் வாய் நிறைய அதன் பெயரைச் சொல்கிறோம். ராமனுடைய பாதுகை பதினான்கு வருஷம் நாடு ஆண்டதைக் கேட்டுக் கண்ணீர் விடுவோம். நம்முடைய செருப்பைக் கையால் எடுத்து நகர்த்த நேர்ந்தாலோ, கையைக் கழுவிக்கொண்டுதான் மறு காரியம் பார்ப்போம்.

நானும் அப்படி இருந்தவன்தான். என்னைச் செருப்பைப் பற்றி யோசிக்க வைத்தது எங்கள் வீட்டு நாய்.

மணி என்று பெயர். நாய்க்கும் சாதி பார்த்துப் பணம் கொடுத்து வாங்குகிற காலம் இது. இவன் அந்த வகையைச் சேர்ந்தவன் அல்ல. நான்கு வருஷங்களுக்கு முன் ஒரு மழை நாளில் எங்கள் திண்ணையில் வந்து ஒதுங்கிய குட்டி. மழை விட்ட பிறகும் போகவில்லை. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இவனை வெளியே அழைத்துப் போயாக வேண்டும். நான் அழைத்துப் போவதாகச் சொல்வது என் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். உண்மையில் அவன்தான் என்னை இழுத்துக்கொண்டு போகிறான். தெருவைத் தாண்டி, கடைத்தெருவின் பின்புறமாக இறங்கி, வெள்ளாற்றங்கரை வரை போய், வயல் வரப்பு வழியாகத் திரும்புவது எங்கள் பாதை. மூன்று கிலோமீட்டருக்குக் குறையாது.

திட்டக்குடியை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், வெள்ளாற்றின் வடகரையில் உள்ளது எங்கள் ஊர். வருஷத்தில் பல மாதங்கள் ஆற்றில் தண்ணீரைவிட மணலைத்தான் அதிகம் பார்க்கலாம். அப்போதெல்லாம் எந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாலும் ஒன்றுதான். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டதோ, கதை மாறிவிடும். வரப்பெல்லாம் களியாகிவிடும். ஒவ்வோர் அடிக்கும் காலின் கனம் கூடிக்கொண்டே போகும். மனிதன் மழையைச் சாக்கிட்டு வீட்டில் இருந்துவிடலாம். நாய்க்கு அந்தச் சாக்கு தெரியாது.

ஆகவே மழைக்குத் தாங்கக்கூடிய, நீர் புகாத, சீக்கிரம் தேயாத செருப்பு ஒன்று வேண்டும் என்று புறப்பட்டேன். இந்தத் தேடலில் நான் பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் தோல் செருப்பு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலுக்கு ஈடு உண்டா என்று என் தகப்பனார் சொல்வார். வாஸ்தவம்தான். ஆனால் தோல் நனைந்தால் அதில் ஊறியிருக்கும் எண்ணெய்ப் பசை போய்விடுகிறது. வெயிலில் காய வைத்தால் விறைத்து வெடிக்கிறது. நிழலில் உலர்த்தி விளக்கெண்ணெய் தடவினால் பிழைக்கும். நாளைக்கு இரண்டு முறை நனைகிற செருப்பு எப்போது உலர்வது, எப்போது எண்ணெய் தடவுவது? கார்த்திகைக்குள் அது பூசணம் பூத்துவிட்டது.

அடுத்து ஹவாய் செருப்பு. தண்ணீர் இதை ஒன்றும் செய்யாது. ஆனால் நடக்கிறவனை இது என்னவெல்லாமோ செய்துவிடும். ஒவ்வோர் அடியிலும் சேற்றை வாரி வேட்டியின் பின்புறத்தில் இறைக்கிறது. களியில் பதிந்த காலை இழுத்தால் வார் பிடுங்கிக்கொண்டு கையில் வருகிறது. ஒரு நாள் வரப்பிலிருந்து வழுக்கி வயலுக்குள்ளேயே விழுந்தேன். வீடு திரும்பியதும் என் மனைவி வாசலிலேயே மறித்துக்கொண்டாள். “ஏங்க, முதல்ல மணியைக் குளிப்பாட்டறதா, உங்களைக் குளிப்பாட்டறதா?” என்று கேட்டாள்.

மூன்றாவது கான்வாஸ் ஷூ. தண்ணீரைப் பஞ்சு போல் குடித்தது. குடித்ததை இரண்டு நாள் ஆனாலும் விடவில்லை. விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். மருதாணியை அரைத்துப் பூசிப் பூசி, என் கால் விரல்கள் கல்யாணப் பெண்ணின் விரல்களைப் போலச் சிவந்ததுதான் மிச்சம்.

கடைசியில் முழங்காலைத் தொடுகிற ரப்பர் பூட்ஸ் வாங்கினேன். இங்கிலாந்தில் இதற்கு வெலிங்டன் என்றே பெயர். 1815-ல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற தளபதியின் பெயர் அது. அவர் போட்டுக்கொண்டது தோல் பூட்ஸ். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாது, குளிரில் நொறுங்காது என்று சார்ல்ஸ் குட்இயர் 1839-ல் கண்டுபிடித்த பிறகுதான் ரப்பர் பூட்ஸ் சாத்தியமாயிற்று. எங்கள் ஊருக்குப் பக்கத்திலும் ஒரு வெலிங்டன் ஏரி உண்டு. 1923-ல் கட்டி முடித்தது. வெலிங்டன் ஏரிப் பக்கத்து மழைக்கு வெலிங்டன் பூட்ஸ்தான் பொருத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று நாட்கள் பிரமாதமாகக் கழிந்தன. சேறு, சகதி, முள், தேங்கிய சாக்கடை எதுவும் என்னைத் தொடவில்லை. நடவுக்குப் போகிற பெண்கள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு கடக்கிற அதே தண்ணீரில், நான் ஒரு ஜமீன்தாரைப் போல நடந்து போனேன். உலகத்தில் ஈரம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று.

நான்காம் நாள் ஒரு வாய்க்காலைத் தாண்டும்போது மணி எதையோ பார்த்துவிட்டு ஓர் இழுப்பு இழுத்தான். ஆழத்தில் கால் வைத்தேன். தண்ணீர் மேல் வழியாக பூட்ஸுக்குள் இறங்கிற்று. வெளியிலிருந்து ஒரு சொட்டுக்கூட உள்ளே விடாத பூட்ஸ், உள்ளே போனதில் ஒரு சொட்டைக்கூட வெளியே விடவில்லை. இரண்டு கால்களிலும் இரண்டு குடங்களைக் கட்டிக்கொண்டது போல் கரையேறினேன். உட்கார்ந்து கழற்றிக் கவிழ்த்தால், தண்ணீரோடு ஒரு தலைப்பிரட்டையும் வந்து விழுந்தது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கிழிந்த குடைக்கு அடியில் உட்கார்ந்து செருப்புத் தைக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். என் தோல்விகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். சிரித்தார்.

“தண்ணி உள்ள வரவே கூடாதுன்னு பாத்தா நடக்குமா சார்? மழைன்னா வரத்தான் செய்யும். வந்த தண்ணி நிக்காம போவுதான்னு பாக்கணும்.”

பழைய லாரி டயரில் அடி, அதன் வரிகள் கீழ்ப்பக்கமாக இருக்கும், சேற்றில் பிடிப்புக்கு. மேலே அகலமான ரப்பர் வார்கள், இடைவெளி விட்டு. குதிகாலைச் சுற்றி ஒரு பட்டை, களி இழுத்தால் கழலாமல் இருக்க. மூன்று நாளில் தைத்து வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்.

அந்த மூன்று நாட்களுக்குள் சென்னையிலிருந்து நண்பர் ஒருவர் வந்திருந்தார். என் செருப்புப் புராணத்தைக் கேட்டுவிட்டு, “ஏன் ஐயா இவ்வளவு கஷ்டம்? வெறுங்காலோடு நடந்து பாருங்கள். பூமிக்கும் நமக்கும் உள்ள உறவைச் செருப்பு அறுத்துவிடுகிறது. நம் முன்னோர்கள் செருப்பா போட்டார்கள்?” என்றார். அவர் காரிலிருந்து இறங்கி எங்கள் வீட்டுப் படியேறியவர்.

வெறுங்கால் தத்துவம் கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் முன்னோர்களுடைய வெறுங்கால் பட்ட பாடு வைத்திய நூல்களில் இருக்கிறது. முள் தைத்த புண் வழியாகக் கிருமி புகுந்து, பாதம் வீங்கிப் புரையோடிப் போகும் நோய் ஒன்று உண்டு. 1840-களில் மதுரையில் இருந்த வெள்ளைக்கார வைத்தியர்கள் அதைக் கண்டு எழுதியதால், உலகம் முழுவதும் அதற்கு ‘மதுரா பாதம்’ என்றே பெயர் நிலைத்தது. கொக்கிப்புழு ஈர மண்ணிலிருந்து உள்ளங்கால் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறி, குடலில் போய்த் தங்கி, ரத்தத்தைக் குடிக்கிறது. எலியின் சிறுநீர் கலந்த மழைத் தண்ணீரில் வெடித்த காலோடு நின்றால் எலிக்காய்ச்சல் வரக்கூடும். வரப்பில் கண்ணாடி விரியன் கடிப்பது பெரும்பாலும் காலில்தான். விரும்பிச் செருப்பைக் கழற்றுகிறவனுக்கு வெறுங்கால் ஒரு சுகம். செருப்பே இல்லாதவனிடம் அந்தச் சுகத்தைப் பற்றிப் பேசுவது அழகல்ல.

ஆகையால் காலைக் காத்துக்கொள்வது பாவம் அன்று. பழைய கதை ஒன்று எல்லோருக்கும் தெரியும். தன் காலில் தூசி படக் கூடாது என்று பூமி முழுவதையும் தோலால் மூடச் சொன்னான் ஒரு ராஜா. உங்கள் இரண்டு கால்களை மட்டும் மூடிக்கொண்டால் போதுமே என்றான் மந்திரி. அப்படித்தான் செருப்பு பிறந்ததாம். உலகத்தைத் திருத்துவதைவிட உன்னைத் திருத்திக்கொள் என்று அதற்குத் தத்துவார்த்தம் சொல்வார்கள். நல்ல கதை. ஆனால் அந்தக் கதை ஒரு கேள்வியைக் கேட்காமலே முடிந்துவிடுகிறது. ராஜாவுக்கு முதல் ஜோடியைத் தைத்துக் கொடுத்தவன், தனக்கும் ஒரு ஜோடி தைத்துப் போட்டுக்கொண்டு அரண்மனை வீதியில் நடக்க முடிந்ததா?

இந்தக் கேள்வி எனக்குத் தானாகத் தோன்றியது என்று சொன்னால் அது பொய். மூன்றாம் நாள் மாலையில் அது எங்கள் தெருவில் நடந்து வந்தது.

மழை தூறிக்கொண்டிருந்தது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். நானும் மணியும் திண்ணையில் இருந்தோம். தெரு முனையில் பெரியவர் திரும்பியதைப் பார்த்தேன். அங்கேயே நின்றார். காலில் கிடந்த ரப்பர் செருப்பைக் கழற்றினார். ஒரு கையில் அதையும், மறு கையில் எனக்காகத் தைத்த ஜோடியையும் எடுத்துக்கொண்டு, தெரு முழுவதும் தண்ணீரில் வெறுங்காலோடு நடந்து வந்தார்.

“என்ன பெரியவரே, இந்தத் தண்ணியில செருப்பைக் கழட்டிட்டு வர்றீங்க?” என்றேன்.

அவருக்கு முதலில் நான் கேட்டது விளங்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டார். கழற்றியது அவருக்கே தெரியவில்லை.

“அட, ஆமா சார். பழக்கம்” என்று சிரித்தார். “சின்னப் பிள்ளையில எங்கப்பாகூட வருவேன். இந்தத் தெருவுக்குத் தச்ச செருப்பெல்லாம் அவர் பையில இருக்கும். எங்க செருப்பை முனையிலயே கழட்டிக் கக்கத்துல வெச்சிக்கணும். சித்திரை வெயில்ல கால் பொத்துப் போயிடும். உங்க தாத்தா இதே திண்ணையிலதான் உக்காந்திருப்பாரு. நல்ல மனுஷன் சார். ஒரு நாளும் கூலியைக் குறைச்சதில்ல. காசை மட்டும் கீழ வெப்பாரு. நாங்க எடுத்துக்குவோம்.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. அந்த ‘நல்ல மனுஷன்’ என்ற சொல்லைக் கேட்டபோதுதான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

என் தாத்தா நல்ல மனிதர் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. தினம் திண்ணையில் உட்கார்ந்து பெரிய புராணம் வாசிப்பார். திருஞானசம்பந்தர் திருநெல்வாயில் அரத்துறைக்கு வந்த கட்டம் அவருக்கு உயிர். அந்தத் தலம் தூரத்தில் இல்லை. எங்கள் ஊருக்குக் கிழக்கே, பெண்ணாடத்துப் பக்கம், வெள்ளாற்றங்கரையில் இருக்கிற திருவட்டத்துறைதான் அது. சிறு பிள்ளையான சம்பந்தர், தகப்பனாரின் தோளில் ஏறாமல், பெண்ணாடத்திலிருந்து அந்தத் தலத்தை நோக்கி நடந்தாராம். பிஞ்சுப் பாதம் நோகுமே என்று இறைவனுக்கே பொறுக்கவில்லை. ஊரார் கனவில் தோன்றி, குழந்தைக்கு முத்துச் சிவிகையும் முத்துக் குடையும் கொடுக்கச் செய்தானாம். இந்த இடத்துக்கு வந்ததும் தாத்தாவின் குரல் கம்மிவிடும். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். சிறுவனாக அவர் மடியில் படுத்துக்கொண்டு இந்தக் கதையை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன் நடந்த ஒரு குழந்தையின் கால் அவருக்கு வலித்தது. அது உண்மையான வலி. ஆனால் அதே திண்ணைக்கு எதிரே, சித்திரை வெயிலில், செருப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு குழந்தை கால் மாற்றி நின்றது. அது அவர் கண்ணில் படவில்லை.

அவர் அந்தப் பிள்ளையைக் கழற்றச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாதபடி ஊர் ஏற்பாடு செய்து வைத்திருந்தது. அவர் கொடுமை செய்தவர் அல்லர். கொடுமை அவரைத் தொடாமல் இருந்தது, அவ்வளவுதான். நல்ல குணமும், பக்தியும், நாணயமும் சேர்ந்து அவருக்கு முழங்கால் வரை நீர் புகாத பூட்ஸாக அமைந்துவிட்டன. மூன்று நாள் நான் அந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு நடந்து பார்த்தவன். அதன் சுகம் எனக்குத் தெரியும்.

இதே மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஆதனூரைச் சொல்லிக்கொள்கிற நந்தனார் சரித்திரமும் இதுதானே? கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தவர் அவர். யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுத்தவர். அவர் கொடுத்த தோல் உள்ளே போயிற்று. கொடுத்தவர் வெளியே நின்றார். வேண்டியதை மட்டும் உள்ளே விட்டுக்கொண்டு, வேண்டாததை வாசலில் நிறுத்துகிற சாமர்த்தியம் நம் சமூகத்துக்குப் பழையது.

அதெல்லாம் போன காலம் என்று சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது. தீண்டாமையை ஒழித்ததாக அரசியல் சட்டம் 1950-ல் நடைமுறைக்கு வந்தது. 1955-ல் தனிச் சட்டமே இயற்றினார்கள். 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை 2015-ல் திருத்தியபோது குற்றங்களின் பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்த ஒருவர் பொது இடத்தில் செருப்பு அணிவதைத் தடுப்பது குற்றம். 2015-ல் செருப்பு என்ற வார்த்தையை ஒரு நாடு தன் சட்டப் புத்தகத்தில் எழுத வேண்டியிருந்தது. நடக்காத குற்றத்துக்கு யாரும் சட்டம் எழுதுவதில்லை.

பெரியவரை எங்கள் தெருவில் இன்று யாரும் தடுக்கமாட்டார்கள். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவருடைய கைகளுக்குத்தான் தெரியவில்லை. சட்டம் தெருவைத் திறந்துவிட்டது. தெரு முனையில் தானாகக் குனிகிற முதுகை நிமிர்த்துவது சட்டத்தால் மட்டும் ஆகிற காரியமாகத் தோன்றவில்லை.

பின் யாரால் ஆகும்? நான் என் செருப்பைத் தூக்கி எறிந்துவிட்டு வெறுங்காலோடு நடந்தால் அவருக்கு என்ன லாபம்? என் கால்தான் புண்ணாகும். அவருக்கு இரண்டு ஜோடி வாங்கிக் கொடுப்பதா? ஊருக்கெல்லாம் தைக்கிறவருக்கு நான் வாங்கிக் கொடுப்பதாவது! பச்சாதாபம் கொஞ்சம் அதிகமானால் அதுவே ஓர் அவமரியாதையாகிவிடும்.

காந்தியடிகளுடைய காரியம் ஒன்று நினைவுக்கு வந்தது. தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்த காலத்தில் அவர் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார். பாரிஸ்டர் பட்டம் பெற்றவர், நம் ஊரில் யார் தொட்டால் தீட்டு என்றார்களோ அவர்களுடைய தொழிலில் உட்கார்ந்தார். தம்மைச் சிறையில் அடைத்த ஜெனரல் ஸ்மட்ஸுக்கு, 1914-ல் அந்த நாட்டை விட்டுப் புறப்படும்போது ஒரு ஜோடி செருப்பைப் பரிசாகக் கொடுத்தார். ஸ்மட்ஸ் அதைப் பல கோடைகள் போட்டு நடந்தார். காந்தியின் எழுபதாவது பிறந்த நாளை ஒட்டி, 1939-ல் அதைத் திருப்பி அனுப்பினார். இருபத்தைந்து வருஷம் கழித்தும் திருப்பி அனுப்பக்கூடிய நிலையில் இருந்த செருப்பு! உழைக்கிற செருப்பு வேண்டும் என்று தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு. காந்தி அந்தத் தொழிலாளிக்கு இரக்கம் காட்டவில்லை; அவனுடைய இடத்தில் போய் உட்கார்ந்தார். அங்கே உட்கார்ந்து பார்த்தால்தான், தெருவில் போகிறவர்களின் முகத்துக்கு முன் அவர்களுடைய கால்கள் தெரியும்.

நான் காந்தி அல்ல. செருப்புத் தைக்க எனக்கு வராது. என்னால் ஆகக்கூடியது மிகச் சிறியது. என் காலைக் காத்துக்கொள்ளும்போது கண்ணையும் சேர்த்து மூடிக்கொள்ளாமல் இருக்கலாம். பிறர் துன்பம் உள்ளே வரவே கூடாது என்று மனத்தை அடைத்துக்கொண்டால் முதலில் சௌகரியமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மனத்துக்குள்ளும் ஒரு நாள் தன் துன்பம் என்று ஒன்று மேல் வழியாக இறங்கும். இறங்கியது வெளியே போக வழி இருக்காது. மாறாக, வருகிற துன்பத்தை எல்லாம் உள்ளேயே தேக்கி வைத்துக்கொண்டு கண்ணீர் விடுவதிலும் பயன் இல்லை. தாத்தாவின் கண்ணீர் மேல்துண்டோடு நின்றுவிட்டது. உள்ளே வந்த ஈரம் நடையாக வெளியே போக வேண்டும். வந்த தண்ணீர் நிற்காமல் போகிறதா என்று பார்க்கச் சொன்னாரே, அந்தப் பெரியவர் செருப்பைப் பற்றி மட்டும்தான் சொன்னார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அன்று அவருக்குச் சேர வேண்டிய பணத்தை அவர் கையில் கொடுத்தேன். வாங்கும்போது அவர் விரல்கள் ஒரு கணம் தயங்கின. திண்ணையில் உட்காரச் சொன்னேன். “வேலை கெடக்குது சார்” என்றார். “போறப்பவாவது செருப்பைப் போட்டுக்கிட்டுப் போங்க பெரியவரே” என்றேன். நான் சொல்லி அவர் போட்டுக்கொள்கிற நிலைமையே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் படிக்குக் கீழே செருப்பைப் போட்டு, காலை நுழைத்துக்கொண்டு நடந்தார்.

மணியும் நானும் பார்த்துக்கொண்டே இருந்தோம். எந்தத் தெருவிலும் யாரையும் கேட்காமல் நுழைகிற மணிக்கு இதில் பார்க்க என்ன இருந்ததோ தெரியாது. பாதித் தெருவில் பெரியவர் குனிந்தார். கழற்றத்தான் குனிகிறார் என்று நினைத்தேன். ஒரு வார் மடங்கியிருந்தது போலிருக்கிறது. அதைச் சரி செய்துகொண்டு, தண்ணீரைச் சளக் சளக்கென்று மிதித்தபடி தெரு முனை வரை செருப்போடு போய்த் திரும்பினார்.

அவர் தைத்துக் கொடுத்த டயர் செருப்பு இரண்டு மழைக்காலம் கண்டுவிட்டது. தினம் நனைகிறது. தினம் உலர்கிறது. அடியில் வரிகள் கொஞ்சம் தேய்ந்திருக்கின்றன. இன்னும் இரண்டு மழை தாங்கும் என்கிறார் அவர்.